சுரண்டச் சொன்ன எண்

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் பனி. ஒன்பது மணிக்கும் பைக் சீட்டில் ஈரம்.

உறுதியானது: மலர்க்கொடி, வயது 34. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிவு. இடப்பக்கம் மூன்று பற்கள் இல்லை. உயிருக்கு ஆபத்து நீங்கியது. ஆதாரம்: ஜி.எச். பணி மருத்துவர், நேரில், காலை 9.40. ஆயுதம் லாரி வீல் ஸ்பேனர். ஆதாரம்: மகளிர் காவல் நிலைய ஏட்டம்மா. அடித்தது கணவன் ராசேந்திரன், டிப்பர் டிரைவர், சுண்ணாம்புக்கல் லோடு. நேற்று மதியத்திலிருந்து தலைமறைவு.

வழக்கமாக இத்தோடு முடித்திருப்பேன். 'குடும்பத் தகராறில் மனைவி மீது தாக்குதல்.' நான்கு வரி. முப்பது வருட நிருபர் வேலையில் இதே நான்கு வரி. பெயரும் ஊரும் மட்டும் மாறும்.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது. கையால் சைகை காட்டிப் பேனா கேட்டாள். எக்ஸ்ரே கவரின் பின்பக்கம் எழுதினாள்: "நான் சொன்னத அப்படியே சொல்லிச் சொல்லி அடிச்சாரு."

யாரிடம் சொன்னது?

"ரெண்டு வருசம் முன்ன காலேஜ் பொண்ணுங்க வந்துச்சுங்க. தண்ணி பத்திக் கேட்டுச்சுங்க. வூட்டுல அடிப்பாரான்னும் கேட்டுச்சுங்க."

என்ன சொன்னாய் என்று கேட்டேன். கவரில் இடம் தேடினாள். பிறகு: "தண்ணிக்கு லேட்டானா அடிப்பாரு. லேட்டாவலன்னாலும் அடிப்பாரு. ஏன்னு கேக்குறத வுட்டுட்டேன்."

மூன்று வாக்கியம். ஒவ்வொன்றையும் அவன் சொன்னான், சொல்லி ஒரு அடி. முதலில் தோள், அடுத்தது முதுகு. மூன்றாவதுக்குள் அவள் திரும்பிவிட்டாள். அது தாடை.

அந்தப் பெண்களிடம் அவள் பேசியது தனியாக, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால். ஒரு வார்த்தை பிசகாமல் அவனுக்கு எப்படிப் போனது? கவரின் ஓரத்தில் கடைசியாக: "செவுத்துல நம்பர் இருக்கு. 47."

வாங்க வேண்டியது: சர்க்கரை மாத்திரை, பேனா (அவளிடமே விட்டுவிட்டேன்).


பிப்ரவரி 12, புதன்

வெயில் சீக்கிரம் ஏறிவிட்டது. ரோட்டில் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காய்கிறது. மறு பாதியில் டிப்பர்கள்.

ஊர் பெரம்பலூர்–அரியலூர் சாலையிலிருந்து உள்ளே. பெயர் இங்கும் வேண்டாம்.

சுவர் எண்களைப் பார்த்தேன். நீல எனாமல் பெயிண்ட், கையகலம், நிலைவாசலுக்கு வலப்பக்கம். நான்கு வருடம் முன்பு பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை கிணறுகளை அளக்க வந்தபோது வீட்டுக்கு ஒன்றாகப் போட்டது. பொங்கலுக்கு எல்லா வீட்டிலும் வெள்ளையடித்திருக்கிறார்கள், எண்ணை மட்டும் ஒதுக்கி. வெள்ளைச் சுவரில் ஒரு பழைய அழுக்குச் சதுரம், அதற்குள் நீல எண். தெரு முழுக்க அப்படித்தான். ஒருவரிடம் கேட்டேன்.

"கெவுருமெண்டு நம்பருங்க. அழிச்சா தொகுப்பு வூடு வராதுங்க."

எண்ணைப் பற்றிக் கேட்டால் கடைத்தெருவுக்குப் போகச் சொன்னார்கள்: முருகேசன், வயது நாற்பது இருக்கும், கம்ப்யூட்டர் சென்டர். சான்றிதழ், ஜெராக்ஸ், போட்டோ. ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

"கெணத்து லிஸ்ட் யுனிவர்சிட்டி வெப்சைட்ல சும்மாவே கெடக்கு சார். செவுத்து நம்பரச் சொன்னா எத்தன அடில தண்ணி, உப்பா நல்ல தண்ணியா, எல்லாம் வரும். இங்க ஒருத்தன் போர் போடணும்னா மொதல்ல எங்கிட்டதான் வருவான்."

இது உண்மை. இரண்டு விவசாயிகளிடம் விசாரித்தேன். பட்டியலைப் பார்த்து இடம் மாற்றிப் போர் போட்டுத் தண்ணீர் கண்டவர்கள். நன்றியோடு பேசினார்கள்.

"காலேஜ் பொண்ணுங்க எடுத்த இன்னொரு லிஸ்ட்?"

"அதுவும் பக்கத்துலயே இருந்துச்சு. அதே நம்பரு. தொறந்தேன். பொம்பளைங்க சொன்னதெல்லாம் வரிசையாக் கெடக்கு."

"அப்புறம்?"

"பிரிண்ட் எடுத்தேன்."

"எதுக்கு?"

"தமாசுக்குத்தான் சார்."

எதிரே டீக்கடை. திங்கள் மதியம் நடந்ததை டீ மாஸ்டர் சொன்னார், கிளாஸ் கழுவிக்கொண்டே. "முருகேசன் காயிதத்தப் பாத்து வாசிச்சான். 'என்னா மச்சான், லேட்டானா அடிப்பியாமே, லேட்டாவலன்னாலும் அடிப்பியாமே. கடிகாரமே பாக்க மாட்டியா நீ'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. ராசேந்திரனும் சிரிச்சான் சார். டீய முழுசாக் குடிச்சான். காச வெச்சான். போனான்."

அங்கிருந்து வீடு ஐந்து நிமிட நடை. லாரி வீட்டு வாசலில்தான் நின்றது. ஸ்பேனரை எடுக்க ஒரு நிமிடம். நடந்து பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

47 பூட்டியிருக்கிறது. வாசலில் ஒரு செருப்பு, ஒற்றை.

31-ஆம் எண் வீட்டில் கோகிலா பருத்தி பிரித்துக்கொண்டிருந்தாள். மலர்க்கொடி எப்படியிருக்கிறாள் என்று கேட்டாள். பிறகு, குரலைத் தாழ்த்தி: "சார், எங்க வூட்டு நம்பரும் அதுல இருக்குமா?"

போனில் திறந்து பார்த்தேன். இருந்தது. படித்துக் காட்டினேன். 31: 'எங்க வூட்டுல அப்புடி ஒண்ணும் இல்லை.' அவள் முகம் தெளிந்தது. "ஆமா சார், அப்புடித்தான் சொன்னேன்."

பைக்கை எடுத்தேன். கிளம்பும்போது சொன்னேன்: "எதுக்கும் அந்த நம்பரச் சுரண்டிடும்மா. எதுக்கு வம்பு."

சாயங்காலம் நாலு மணி.


பிப்ரவரி 13, வியாழன்

இரண்டு பஸ் மாறிப் பல்கலைக்கழகம். மேகமூட்டம், மழை இல்லை.

பானுமதி, சமூகப்பணித் துறை. பெண்களிடம் கேட்ட ஆய்வு இவருடையது. கணேசமூர்த்தி, நிலவியல். கிணறுகள் இவருடையவை. ஒரே அறையில் உட்கார்ந்து பேசச் சம்மதித்தார்கள். பானுமதிக்குத் திங்களன்று நடந்தது தெரியாது. மருத்துவர் சொன்னதை என் நோட்டிலிருந்து படித்தேன். தாடை, பற்கள், ஸ்பேனர். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பேரை எடுத்துட்டோம் சார். வயசு, சாதி, படிப்பு எல்லாம் எடுத்துட்டோம். நெறிக்குழு ஒப்புதல் இருக்கு."

"எண்?"

"அது அவரோட எண். தண்ணி தூக்குற தூரத்துக்கும் வீட்டுல விழற அடிக்கும் தொடர்பு இருக்கான்னு பாக்கணும். நான் தனியா எண் போட்டிருந்தா ரெண்டு தரவையும் சேர்க்க முடியாது. பொண்ணுங்க செவுத்தப் பாத்து எழுதிக்கிட்டு வந்தாங்க."

கணேசமூர்த்தி கோபமாகத்தான் பேசினார், ஆனால் பொய்யாக அல்ல. "என் டேட்டாவ வெச்சு மருத்துவத் துறை பல் கறைக்கும் தண்ணிக்கும் முடிச்சுப் போட்டாங்க. வேளாண்மைக்காரங்க மக்காச்சோளத்துக்கு எடுத்தாங்க. என் பீரோவுல பூட்டி வெச்சிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா? ஒரு துறை சேர்த்தது இன்னொரு துறைக்குப் போகணும் சார். அதுக்காக நானே இருபது வருசம் சண்டை போட்டிருக்கேன்."

"சுவர்ல எண் இன்னும் இருக்கு, தெரியுமா?"

"இருக்காது. எனாமல்தான், ஆனா பொங்கலுக்கு வெள்ளையடிச்சா மறைஞ்சிடும். அத நெனச்சுத்தான் தகடு அடிக்காம பெயிண்ட்லயே போடச் சொன்னேன்."

போனில் படத்தைக் காட்டினேன். வெள்ளைச் சுவர், அழுக்குச் சதுரம், நீல எண். பெரிதாக்கிப் பார்த்தார்.

"சுத்தி அடிச்சிருக்காங்க," என்றார். அதன் பிறகு குரல் இறங்கிவிட்டது.

கோப்புகளை இப்போதே இறக்க முடியாதா? முடியாது. பொதுத் தரவுக் கிடங்கில் ஏறியதைப் போட்டவரே எடுக்க முடியாது, குழு கூடித் தீர்மானிக்க வேண்டும். நிதி கொடுத்தவர்கள் விதித்த நிபந்தனை. குழு திங்கள் காலை 11 மணிக்கு. அதற்கு முன்? பானுமதி பதிவாளருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். முதல் வரியிலேயே இரண்டு முறை அடித்துத் திருத்தினார்.

வாசலில் என்னைத் தனியாகப் பிடித்தார். "ஆறு ஊர் சார். ஆறு ஊரிலும் எண் போட்டிருக்கோம். தயவுசெஞ்சு இப்ப எழுதிடாதீங்க."

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருவர் போனில்: "ஒரு தட்டு தட்டுனா சரியாப் போயிடும்டா, என்னா இப்ப?" கோழியைச் சொன்னாரா, பையனைச் சொன்னாரா, மனைவியைச் சொன்னாரா என்று இறங்கும்வரை தெரியவில்லை.


பிப்ரவரி 14, வெள்ளி

வெயில். சர்க்கரை 240.

கோகிலா. வலது மணிக்கட்டு நொறுங்கியிருக்கிறது. காதுக்குப் பின்னால் ஏழு தையல். ஜி.எச். விபத்துப் பதிவேட்டில்: 'குளியலறையில் வழுக்கி விழுந்ததாக நோயாளி கூறுகிறார்.'

மலர்க்கொடிக்கு இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருக்கிறாள். மலர்க்கொடிதான் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு அந்தப் பக்கம் காட்டினாள்.

நடந்தது, கோகிலா சொன்னபடி. புதன் மாலை அவள் அரிவாள்மணையால் எண்ணைச் சுரண்டினாள். வியாழன் மதியம் சாப்பிட வந்தபோதுதான் அவள் கணவன் சேகர் அதைக் கவனித்தான். தெருவில் எல்லா வீட்டிலும் எண் இருக்கிறது, தன் வீட்டில் மட்டும் காரை பெயர்ந்து செங்கல் தெரிகிறது. டீக்கடையில் திங்களன்று முருகேசன் வாசித்ததை அவனும் கேட்டிருக்கிறான்.

"'எதுக்குடி சுரண்டுன'ன்னாரு. சும்மா, அழுக்கா இருந்துச்சுன்னேன். 'அப்ப நீயும் என்னமோ சொல்லியிருக்க. சொல்லு, என்னா சொன்ன'ன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல, இல்லைன்னுதான் சொன்னேன்னேன். 'ஒண்ணும் சொல்லாதவ எதுக்கு அழிக்கிற'ன்னு கையப் புடிச்சு நெலையில வெச்சுக் கதவச் சாத்துனாரு."

ஒரு முறை அல்ல. எத்தனை முறை என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தப் பொண்ணுங்ககிட்ட பொய்தான் சார் சொன்னேன். எதுக்கும் இல்லைன்னு சொல்லி வெப்போம்னு. ரெண்டு வருசமா அந்தப் பொய்யி என்னக் காப்பாத்துச்சு."

அழவில்லை. என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. நான்தான் சுரண்டச் சொன்னேன் என்பதை அவனிடம் அவள் சொல்லவே இல்லை. வெளி ஆம்பிளை பேச்சு கேட்டுச் செய்தாள் என்று அதற்கும் விழும் என்றாள்.

கோகிலாவின் மணிக்கட்டு. ஆதாரம்: நான்.

இந்த நோட்டில் முதல் நாளிலிருந்தே வீட்டு எண்களையும் பெண்கள் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். தொழில் பழக்கம், கை தானாகச் செய்கிறது. அந்த எச்சரிக்கை புதன்கிழமை அவள் வாசலில் எங்கே போனது? பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தில் சொன்ன ஒரு வார்த்தை.

மாத்திரை போடவில்லை. இப்போது ஞாபகம் வந்தது.


பிப்ரவரி 15, சனி

காலை 8.15, தலைமை அலுவலகத்திலிருந்து போன். "அண்ணே, நல்ல ஸ்டோரிண்ணே. ஞாயித்துக்கெழம மொதப் பக்கம் தரேன்." திங்களுக்கு முன் தர முடியாது என்றேன். "வேற யாராச்சும் போட்டுட்டா?" போடட்டும் என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் அதுவும் தப்பு. யாரும் போடக்கூடாது. இதைப் படித்ததும் இன்னும் ஐந்து ஊரில் ஐந்து முருகேசன்கள் கோப்பைத் திறப்பார்கள்.

பத்து மணிக்கு முருகேசனிடம் பிரிண்ட்டுகளைக் கேட்டேன். மூன்று பிரதி எடுத்தானாம். இரண்டை மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மூன்றாவது?

"டீக்கடை பெஞ்சுலதான் சார் வெச்சேன். யாரு எடுத்தான்னு தெரியல." சிரித்தான். "33-ஆம் நம்பரு படிச்சீங்களா சார்? பெரிய கதையே சொல்லியிருக்கு."

அறைந்தேன். வலது கையால், கன்னத்தில். அவன் நாற்காலியோடு பின்னால் போய் ஜெராக்ஸ் மெஷினில் மோதினான். உதட்டில் ரத்தம். சட்டையைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று. அவன் கையை மேலே தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். நிறுத்தினேன். நிறுத்தும்போது மூன்றாவதுக்கு என் கை ஓங்கியிருந்தது.

அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக: "இத எந்த லிஸ்ட்ல ஏத்துவாங்க சார்?"

வெளியே வந்து பைக்கை எடுத்தேன். முப்பது வருடத்தில் ஒருவரையும் தொட்டதில்லை. கை கொதித்தது, அதில் ஒரு சுகம் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கை கழுவினேன். மனைவி பார்த்துவிட்டாள். "வெரலு வீங்கியிருக்கே?" கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன். விபத்துப் பதிவேட்டுக்கு ஒரு வரி.

மதியம் 2, ஏரிக்கரை. நூறு நாள் வேலை. தங்கம், பணித்தளப் பொறுப்பாளர், வருகைப் பதிவு இவர் கையில். ஆய்வுக்கு வந்த பெண்கள் இவர் வீட்டுக்குப் போகவில்லை, ஆனால் கிணற்று எண் இவர் சுவரிலும் இருக்கிறது. கருவேல நிழலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முழுவதையும் சொன்னேன். கோகிலாவிடம் நான் சொன்னதையும்.

தங்கம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் சுரண்டச் சொன்னீங்களா?"

"ஆமாம்."

"படிச்சவரு. ஒரு வூட்டுக்கு மட்டும் சொன்னா எப்புடிங்க? ஊரெல்லாம் மீசையோட நிக்கிறப்ப ஒருத்தன மட்டும் செரச்சு வுட்ட மாரி."

சிலர் சிரித்தார்கள். ஒருத்தி: "எல்லாருமே சுரண்டிட்டா?"

"எங்க வூட்டுக்கு யாரும் வந்து கேக்கவே இல்ல. நான் எதுக்கு சுரண்டணும்? தொகுப்பு வூடு போயிடும்," என்றாள் இன்னொருத்தி.

"நீ சுரண்டலன்னா சுரண்டுனவ எல்லாம் சொன்னவ ஆயிடுவாடி. நம்பரு போட்டு நாலு வருசம் ஆச்சு. எவனுக்கு வூடு வந்துச்சு?"

"எம் புருசன் கேட்டா?"

இதற்குத்தான் பதில் வேண்டியிருந்தது. தங்கம் மண்வெட்டிக் காம்பில் தாடையை வைத்துக் கொஞ்சம் யோசித்தார். செவ்வாய் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. அதற்கு முன் தெரு சுத்தமாக இருக்க வேண்டும். "காப்புக்கு வெள்ளையடிக்கிறோம். பழைய பெயிண்ட்டு மேல சுண்ணாம்பு நிக்காது, சுரண்டித்தான் அடிக்கணும். ஆத்தா பேருக்கு அடிக்கிற சுண்ணாம்ப எந்த ஆம்பள வேணாம்பான்?"

என்னை நாளை வரச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.


பிப்ரவரி 16, ஞாயிறு

பனி இல்லை. காற்று.

காலை 7.30க்கே தெருவில் சத்தம். கொத்துக்கரண்டி, அரிவாள்மணை, தேங்காய் துருவி, ஒரு வீட்டில் மாட்டு லாடம். நாற்பது வீட்டில் ஒரே நேரத்தில் காரை பெயர்கிற சத்தம். பல் கூசியது.

ஒருவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து: "பொங்கலுக்குத்தானடி அடிச்சோம்?"

"அழுக்கு செவுத்தக் காட்டி ஆத்தாள வரச் சொல்லுவியா? எழுந்திரிச்சுச் சுண்ணாம்பக் கரை."

எழுந்தார். கரைத்தார்.

31-இல் சேகர். வாளியில் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தான். கோகிலா சுரண்டிய இடத்தில் மட்டும் இரண்டு கை கூடுதலாக அடித்திருந்தான். என்னைப் பார்த்து, "வாங்க சார், டீ சாப்புடுறீங்களா?" அதே கை. அந்த நிலை, அந்தக் கதவு. கதவு திறந்திருந்தது. மேலே நடந்தேன். என் விரல் வீக்கம் இன்னும் வடியவில்லை.

47-ஐ என்ன செய்வது என்று தங்கம் கேட்டார். பூட்டிய வீடு, வெளிச்சுவர்தான், யாரும் சுரண்டலாம். ஜி.எச். போய் மலர்க்கொடியிடம் கேட்டேன். என் பேனாவை இன்னும் வைத்திருக்கிறாள். எழுதினாள்: "எங்க வூட்டு நம்பரத் தொட வேணாம். போலீசு இன்னும் போட்டோ எடுக்கல."

ஏட்டம்மாவிடம் சொன்னேன். நாளை வருகிறார்களாம்.

கோகிலா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. புகார் கொடுப்பாளா என்று கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

திரும்பி வரும் வழியில் ஊருக்குப் போய் எண்ணினேன். 47 தவிர ஒரே ஒரு வீட்டில் எண் இருக்கிறது. 33. அவள் பெயரை மாற்றிக்கூட எழுதப்போவதில்லை. கோப்பில் மிக நீளமான பதில் அவளுடையது, பதினோரு வரி. படித்திருக்கிறேன், ஆகவே அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. கணவன் சுரண்ட விடவில்லை. தொகுப்பு வீட்டுக்கு மனு போட்டிருக்கிறானாம். காரணம் அது மட்டும்தானா, மூன்றாவது பிரதி அவனிடம் இருக்கிறதா, தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அவள் சொன்னது:

"நாளைக்கு லோடுக்குப் போவாரு. போனதும் சுரண்டிடுறோம். தங்கம் அக்கா வந்து அதுவே சுரண்டுறேன்னுச்சு. கேட்டா நான்தான் சுரண்டுனேன்னு சொல்லிக்கிறேன்னுச்சு."

நிலுவை:

பல்கலைக்கழகக் குழு. திங்கள், காலை 11. பானுமதி ஆறு ஊர்ப் படங்களோடு போகிறார். கடிதத்தில் கணேசமூர்த்தியும் கையெழுத்துப் போட்டுவிட்டாராம், மதியம் பானுமதி போனில் சொன்னார்.

கோகிலாவுக்கு மணிக்கட்டு அறுவை. திங்கள், முதல் கேஸ்.

47, போலீஸ் போட்டோ. திங்கள், நேரம் சொல்லவில்லை.

ராசேந்திரன். லாரி அரியலூர் பைபாசில் நிற்கிறது, சாவி வண்டியிலேயே. ஆளைக் காணோம்.

மூன்றாவது பிரதி. தெரியவில்லை.

33. அவள் கணவன் லோடுக்குக் கிளம்புவது காலை 6. சாப்பிடத் திரும்புவது மதியம் 1. அதற்குள் சுரண்டி, அடித்து, காய வேண்டும்.